கைபேசிப் படத்தை 20×30 அங்குலச் சுவரொட்டியாக அச்சிட முடியுமா? அச்சகத்தில் 300 டிபிஐ கேட்கிறார்கள்

மறைந்த தந்தைக்கு நினைவஞ்சலிச் சுவரொட்டி அடிக்க வேண்டும், கையில் இருப்பது 12 மெகாபிக்சல் கைபேசிப் படம் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். முடியும். மதுரையில் பல ஆண்டுகளாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். 300 என்ற எண்ணுக்குப் பயந்து நல்ல படத்தைக் கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, கையில் பிடித்துப் படிக்கும் தாளுக்கான அளவு. தள்ளி நின்று பார்க்கப் பார்க்க, கண்ணுக்குத் தேவையான நுணுக்கம் குறையும். அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் போதும் என்று அறிய, 3438ஐப் பார்க்கும் தூரத்தால் (அங்குலக் கணக்கில்) வகுத்துப் பாருங்கள். ஓர் அடிக்கு 286 வரும். மூன்று அடிக்கு 95. பத்து அடிக்கு 29. சுவரில் ஒட்டிய தாளை யாரும் மூன்று அடிக்குக் குறைவாக நின்று பார்ப்பதில்லை.

உங்கள் படம் 4000×3000 பிக்சல் இருக்கும். சுவரொட்டியின் விகிதத்துக்கு வெட்டினால் 4000×2667. அதை 30 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 133 பிக்சல். தாராளமாகப் போதும். அச்சகம் கேட்கும் 300க்கு 9000×6000 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவே 200தான் தரும். ஆனால் ஒன்று, வெட்டிய பிறகு மிஞ்சும் பிக்சலைத்தான் எண்ண வேண்டும். கல்யாண வீட்டுக் குழுப்படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்தால் அகலம் 500 பிக்சல்கூட வராது. அதை 15 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 33தான், முகம் கலங்கிவிடும்.

ஃபோட்டோஷாப்பில் டிபிஐ கட்டத்தில் உள்ள 72 என்பதை அழித்து 300 என்று போட்டால் படம் தெளிவாகிவிடாது. 'ரீசாம்பிள்' டிக் இருந்தால் இல்லாத பிக்சல்களை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. டிக்கை எடுத்துவிட்டால் எண் மட்டும் மாறும், பிக்சல் மாறாது. செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கும் செயலிகளை இறந்தவரின் முகத்துக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அவை வரைந்து தரும் கண் அழகாக இருக்கலாம், ஆனால் அது உங்கள் அப்பாவின் கண் அல்ல.

என் பாட்டி இறந்தபோது மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை வைத்து இரவோடு இரவாக பேனர் செய்தேன். அனுப்பும்போதே படம் சுருங்கிவிட்டிருந்தது. விடிந்ததும் வாசலில் கட்டினோம். அத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, அம்மா மாதிரியே இல்லையே என்று அழுதார். மூலப் படம் அவர் வீட்டு பீரோவிலேயே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து மூலப் படத்தைக் கேட்காமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை. நீங்களும் அச்சகத்துக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். பழைய 4×6 அங்குலப் படம் கிடைத்தால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். 2400×3600 பிக்சல் கிடைக்கும். தாள் முழுக்கப் பரப்பினாலும் அங்குலத்துக்கு 120.

கோப்பின் அளவு 508×762 மில்லிமீட்டர். ஓரம் வெட்டுவதற்காக நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். பெயரும் தேதியும் விளிம்பிலிருந்து 15 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். வண்ணம் சிஎம்ஒய்கே, அதாவது அச்சு மையின் நான்கு நிறக் கணக்கு. திரையில் பளிச்சென்று தெரியும் நீலமும் பச்சையும் மையில் மங்கும், படத்தை சிஎம்ஒய்கேக்கு மாற்றிய பிறகே பின்புலத்தைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புப் பின்புலத்தில் மெல்லிய வெள்ளை எழுத்து வேண்டாம். அச்சுத் தகடான பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் சுழிகள் அடைபட்டுவிடும். திரையைவிடத் தாளில் நிழல் கனமாக விழும் என்பதால் முகத்தின் நடுத்தர நிழல்களைச் சற்றே வெளிச்சமாக்குங்கள். நிறத்தை வெளுப்பாக்கிவிடாதீர்கள்.

தமிழ் எழுத்தில்தான் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். எழுத்துகளைப் படத்தோடு பிக்சலாகக் கலக்காமல் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் தனியாக அமையுங்கள். முடித்ததும், எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றும் 'கன்வெர்ட் டு கர்வ்ஸ்' கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் எழுத்துரு அச்சகக் கணினியில் இல்லாதபோது கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். ஆனால் கர்வ்ஸ் கொடுத்த பின் பிழை திருத்த முடியாது. திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். அதற்கு முன் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி, மறைந்த தேதி ஆகியவற்றை வீட்டில் வேறொருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். துக்கத்தில் இருக்கும் கண் பிழையைப் பார்க்காது.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், முகம் உள்ள பகுதியை மட்டும் அளவு குறைக்காமல் ஓர் ஏ4 தாளில் எடுங்கள். அதைச் சுவரில் ஒட்டி ஐந்தடி தள்ளி அம்மாவை நிறுத்திக் காட்டுங்கள்.