வாசகர் கேள்வி: ஊழியம் உண்டு, தனிஜெபம் இல்லை

கேள்வி: வேலைக்குச் செல்லும் தாய் நான், சிறு பிள்ளைகள் இருவர். ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். பெண்கள் ஐக்கியத்திலும் பொறுப்பு வகிக்கிறேன். அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஜெபிக்கும்படி எங்கள் போதகர் வலியுறுத்துகிறார். முயன்று பார்த்தேன், முழங்காலிலேயே உறங்கிவிடுகிறேன். கர்த்தருக்காக இவ்வளவு ஓடியும் அவருடைய பாதத்தில் அமர முடியவில்லையே என்ற குற்றவுணர்வு என்னை வாட்டுகிறது.

பதில்: சகோதரி, மாற்கு 6ஆம் அதிகாரத்தை 30ஆம் வசனத்திலிருந்து ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். ஊழியத்திலிருந்து திரும்பிய சீஷர்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் கிடைக்காத அளவுக்கு ஜனங்கள் வந்துபோய்க்கொண்டிருந்தபோது, தனிமையான ஓர் இடத்தில் ‘சற்றே’ இளைப்பாறலாம் என்று இயேசு அவர்களை அழைத்துப் புறப்படுகிறார். அவர் கேட்டது ‘சற்றே’தான், அதுவும் கிடைக்கவில்லை. படகு கரை சேருமுன் ஜனங்கள் கால்நடையாக ஓடி அங்கே காத்திருந்தார்கள். அவர் எரிச்சலடையாமல் மனதுருகிப் போதித்தார். ஐயாயிரம் புருஷரைப் போஷித்தார்.

நாம் பெரும்பாலும் அந்த இடத்தோடு வேதாகமத்தை மூடிவிடுகிறோம். ஊழியத்திற்காக ஓய்வைத் துறக்க வேண்டும் என்று அதிலிருந்து பிரசங்கமும் செய்துவிடுகிறோம். ஆனால் 45, 46ஆம் வசனங்களில் இயேசு சீஷர்களைப் படகேற்றி அனுப்பி, ஜனக்கூட்டத்தையும் தாமே அனுப்பிவிட்டு, ஜெபம்பண்ண மலையின்மேல் ஏறுகிறார். பகலில் கைநழுவிய தனிமையை மாலையில் எடுத்துக்கொண்ட அவர், அதற்காக மனிதரை அனுப்பிவிடத் தயங்கவில்லை. மாற்கு 1:35இல் இருட்டோடே எழுந்து ஜெபித்தவரும் இவரே. ஆகவே, உங்கள் போதகர் சொல்லும் அதிகாலைக்கு வேதத்தில் ஆதாரம் உண்டு. அது ஒன்றே வேளை என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. ஆபிரகாமின் குமாரன் ஈசாக்கு தியானிக்க வெளியே போனது சாயங்கால வேளையில்.

உறக்கத்தைப் பற்றி இவ்வளவு வருந்தாதீர்கள். சூரைச்செடியின் கீழ்ச் சோர்ந்து படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. இருமுறை எழுப்பி உணவு தந்தான், இடையில் உறங்கவும் விட்டான். ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தத்தை எலியா கேட்டது அதற்குப் பிறகுதான். இரவில் பிள்ளைகளுக்காக எழுந்த தாய் காலையில் கண்ணயர்வது அவிசுவாசம் ஆகாது.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. ஞாயிறு பள்ளிக்காக வசனத்தைப் படிக்கும்போது, பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்றே மனம் தேடும்; அந்த வசனம் நமக்கு என்ன சொல்கிறது என்பது காதில் விழாது. பாடம் எழுதுகிற என்னைப் போன்றவர்களுக்கும் இதே நோய்தான். எனவே இரண்டு பொறுப்புகளில் ஒன்றை ஓராண்டுக்காவது இன்னொருவரிடம் ஒப்படைக்கலாமா என்று உங்கள் கணவரோடும் போதகரோடும் பேசுங்கள். சபை அதனால் நின்றுவிடாது. பிள்ளைகளைத் தினமும் கால்மணி நேரம் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். அந்த நேரம் காலையா, மதியமா, இரவா என்பதை உங்கள் வீட்டின் நடைமுறையே தீர்மானிக்கட்டும்.

வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களையும் ஓராண்டில் முடிக்கும் அட்டவணை இப்போது உங்களுக்கு வேண்டாம். அதற்கு நாளொன்றுக்கு மூன்று அதிகாரங்களுக்கு மேல் வாசிக்க வேண்டும். 119ஆம் சங்கீதம் எவ்வெட்டு வசனங்களாக 22 பகுதிகளாய் அமைந்துள்ளது. ஒரு நாளைக்கு ஒரு பகுதியை மெதுவாக வாசித்து, மனதில் தங்கும் ஒரு வரியையே ஜெபமாக்குங்கள். ஒரு நாள் தவறினால், மறுநாள் இரண்டு பகுதிகளாகச் சேர்த்து ஈடுகட்ட வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

கேள்வி: கைபேசியில் வேதம் வாசிப்பது தவறா? பாதியிலேயே வேறெங்கோ போய்விடுகிறேன்.

பதில்: தவறல்ல. ஆனால் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணும்படி மத்தேயு 6:6 சொல்லியிருக்க, கைபேசியைக் கையில் வைத்திருப்பவர் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். சபையின் வாட்ஸ்அப் குழுவும் அந்தக் கதவு வழியாகவே உள்ளே வருகிறது. இணையத்தை அணைத்துவிட்டு வாசியுங்கள். அப்போதும் விரல் அலைந்தால் அச்சிட்ட வேதாகமத்தை எடுத்துக்கொண்டு, கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.