ரேடாருக்கு எது பனி, எது தண்ணீர்? கடற்பனி கேள்வி பதில்

திருவாரூரிலிருந்து: துருவத்தில் மாதக்கணக்கில் இருட்டு. பனிப்பரப்பை எப்படி அளக்கிறார்கள்?

செயற்கைக்கோளின் நுண்ணலை (மைக்ரோவேவ்) உணரிக்கு வெளிச்சம் வேண்டாம், மேகமும் பெரிய தடையில்லை. 19, 37 கிகாஹெர்ட்ஸில் கடற்பனி அதிகம் உமிழும், திறந்த நீர் குறைவாக உமிழும். அதைக்கொண்டு கட்டம் கட்டமாகப் பனியின் சதவீதம் கணக்கிடுவார்கள். 15 சதவீதம் இருந்தாலே அந்தக் கட்டம் பரப்பில் சேரும். 1978 முதல் பதிவு இருக்கிறது. கோடையில் பனிமேல் தேங்கும் உருகுநீரைக் கடலென்று எண்ணி ஏமாறும். கட்டம் 25 கி.மீ.; திருவாரூரும் நாகையும் ஏறக்குறைய ஒரே புள்ளி என்று வையுங்கள். அதனால் கரையோரத்தில் நிலத்தின் உமிழ்வு கலந்து பொய்ப்பனி காட்டும்.

மன்னார்குடியிலிருந்து: சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோளின் படத்தில் சம்பா நடவு வயல் கறுப்பாக விழுவதை வைத்து வரைபடம் போடுகிறேன். அதே முறை கடற்பனிக்குச் சரிவருமா?

அடிப்படை ஒன்றுதான், நீரைப் பிரிக்க நீங்கள் வைத்த வரம்பெண் செல்லாது. நடவு வயலில் நீர் அசையாமல் கிடப்பதால் அலை திரும்பி வராது. துருவக் கடலில் காற்றடித்தால் நீர் சொரசொரத்துப் பனிபோலப் பளிச்சிடும். புதிதாக உறைந்த மெல்லிய பனியோ வயல்நீர்போலக் கறுத்துக் கிடக்கும். இங்கே நமக்குக் கிடைக்கும் அலைமுனைவு (அலையை அனுப்பும், வாங்கும் வாட்டம்; வி செங்குத்து, எச் கிடை) விவி, விஎச். அங்கே எச்எச், எச்வி. காற்று அதிகம் கெடுக்காதது எச்வி, அதையே முதலில் பாருங்கள். ஆனால் அதில் சமிக்ஞை பலவீனம். வெப்ப இரைச்சலை (கருவியே கிளப்பும் பொய்ச் சமிக்ஞையை) நீக்காவிட்டால் பட்டை பட்டையாக விழும், அதைப் பனி விளிம்பென்று வரைந்துவிடுவீர்கள். இரைச்சலை நீக்கி, அளவுத்திருத்தம் செய்து, படுகோணத்தை (அலை தரையில் விழும் கோணத்தை) சரிசெய்து, பிறகே புள்ளி இரைச்சலை வடிகட்டுங்கள். படுகோணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்: படத்தின் 400 கி.மீ. அகலத்தில் அது சுமார் 19 பாகையிலிருந்து 47 வரை போகும். ஒரே பனி ஓர் ஓரத்தில் வெளுத்தும் மறு ஓரத்தில் மங்கியும் தெரியும்.

கும்பகோணத்திலிருந்து: சார், பனிக் குறியீட்டை எங்க ஊருக்குப் போட்டேன். வயலெல்லாம் பனி!

ஐப்பசிப் படமாக இருக்கும்! பச்சையிலிருந்து குறுஅலை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுத்தால் 0.4க்கு மேல் பனி. தண்ணீரும் குறுஅலை அகச்சிவப்பை விழுங்குவதால் அதுவும் தேறிவிடும். அண்மை அகச்சிவப்பு எதிரொளிப்பு 0.11க்கு மேல் என்று நிபந்தனை சேருங்கள். தெளிந்த நீர் கழியும், வண்டல் கலங்கிய நீர் சில இடங்களில் நிற்கும். (மார்கழிப் பனி இந்தக் கணக்கில் வராது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தது நம் தொல்லை.)

நாகப்பட்டினத்திலிருந்து: தடிமன்?

ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் லேசர், நீர்மட்டத்திலிருந்து, கடற்பனிமேல் பொழிந்து கிடக்கும் வெண்பனியின் உச்சிவரை உள்ள உயரத்தைத் தரும். அது 40 செ.மீ., அதில் வெண்பனி 20 செ.மீ. என்றால் மிதப்புக் கணக்குப்படி கடற்பனி ஏறக்குறைய 2.5 மீட்டர். வெண்பனி 30 செ.மீ. என்று கொண்டால் 1.8 மீட்டர்தான். வெண்பனி ஆழத்தில் 10 செ.மீ. தப்பினால் தடிமனில் சுமார் 65 செ.மீ. தப்பும்.