பாட்டியின் தோட்டில் ஒரு கரும்புள்ளி

கேள்வி: பாட்டி விட்டுப்போன ஏழுகல் வைரத்தோட்டில் ஒரு கல்லுக்குள் கரும்புள்ளி தெரிகிறது. "வைரமாகாமல் நின்றுபோன நிலக்கரி இது, கல்லை மாற்றிவிடுங்கள்" என்கிறார் நகைக்கடைக்காரர். மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் அது உள்ளே இருக்கும் புள்ளிதானா என்று பாருங்கள். பழைய தோடுகளில் கல்லின் பின்புறம் மூடியிருக்கும். அங்கே எண்ணெயும் அழுக்கும் சேர்ந்தாலும் புள்ளி போலவே தெரியும். அதற்காக சோப்புத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். அடியில் தகடு வைத்திருந்தால் ஈரம் இறங்கி இன்னும் கறுக்கும். கல் கட்டும் ஆசாரியிடம் கொடுத்து லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள்.

உள்ளேதான் என்றால், அது நிலக்கரி அல்ல. நிலக்கரி மரம் செடி புதைந்து வந்தது. பெரும்பாலான வைரங்கள் நிலத்தில் செடி முளைப்பதற்கு வெகுகாலம் முன்பே, 100 கோடி முதல் 350 கோடி ஆண்டுகளுக்கு முன், பழைய கண்டங்களுக்கு அடியில் 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில் விளைந்தவை. பாறையினூடே கசியும் கார்பன் கலந்த திரவத்திலிருந்து வைரம் வளர்கிறது. வளரும்போது பக்கத்துக் கனிமத்தையும் உள்ளே பொதிந்துகொள்கிறது. பிறகு கிம்பர்லைட் எரிமலைக் குழம்பு அதை மேலே கொண்டுவருகிறது. உங்கள் கரும்புள்ளி அநேகமாக கிராஃபைட் (பென்சில் முனையில் இருக்கும் கார்பன்), இல்லையென்றால் சல்பைடு (கந்தகம் சேர்ந்த கனிமம்). அந்த சல்பைடில் உள்ள ரீனியம் என்ற தனிமம் எவ்வளவு ஆஸ்மியம் என்ற இன்னொரு தனிமமாக மாறியிருக்கிறது என்று அளந்துதான் வைரத்தின் வயதையே கணிக்கிறார்கள்!

பிரேசிலின் ஜுயினாவில் கிடைத்த ஒரு பழுப்பு வைரம் நகைக்கு உதவாதது. அதற்குள் ரிங்வுடைட் என்ற கனிமத் துணுக்கு இருந்ததை 2014-இல் புவியியல் ஆய்வாளர் கிரஹாம் பியர்சன் குழுவினர் வெளியிட்டார்கள். சுமார் 520 முதல் 660 கிலோமீட்டர் வரையிலான ஆழத்துக் கனிமம் அது. எடையில் 1 சதவீதத்துக்கு மேல் நீரைப் பொதிந்து வைத்திருந்தது. குற்றமற்ற கல்லால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

காகபாதம் (காக்கைக் கால் போன்ற கீறல்), களங்கம் (கறை), விந்து (புள்ளி), ஏகை (கோடு) என்று நம் மணிநூல் மரபு வைரத்துக்கு நான்கு குற்றம் சொல்லும். புள்ளி இருந்தால் விலை குறையும் என்பதும் உண்மைதான். ஆனால் நீங்கள் விற்கப்போவதில்லையே.

கவலைப்பட வேண்டியது விரிசலுக்குத்தான். வைரம் மேலே வரும்போது அழுத்தம் தளர்ந்து, உள்ளிருக்கும் கனிமம் வைரத்தைவிட அதிகம் விரியும். அதனால் புள்ளியைச் சுற்றி வட்டமாக முறிவு உண்டாகலாம். அது கல்லின் விளிம்பை எட்டியிருந்தால் நகை கழுவும் அல்ட்ராசோனிக் மெஷினில் போட விடாதீர்கள். பற்றவைக்கும் வேலை வந்தால் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். வைரமும் கார்பன்தான், கடுஞ்சூட்டில் மேற்பரப்பு எரிந்து மங்கும். லேசரால் துளைத்துப் புள்ளியை வெளுக்கலாம் என்பார்கள். துளை நிரந்தரமாக நின்றுவிடும், வேண்டாம்.

விளிம்பை எட்டும் விரிசல் இல்லையென்றால் அப்படியே போட்டுக்கொள்ளுங்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால், புதுக்கல் சுரங்க வைரமா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்று பில்லில் எழுதி வாங்குங்கள்; கண்ணால் பிரித்தறிய முடியாது. பாட்டியின் கல்லையும் கையோடு திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.