போடாத சாலையும் போடாத செய்தியும்

கேள்வி: அட்டையில் 'புலனாய்வு' என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்கிறீர்கள். எங்கள் ஒன்றியத்தில் போடாத தார்ச்சாலைக்குப் பில் போட்டுப் பணம் எடுத்துவிட்டார்கள். யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது ஊருக்கே தெரியும். பதினோரு புகைப்படமும் பெயர்ப் பட்டியலும் அனுப்பி மூன்று மாதமாகிறது. ஒரு வரி வரவில்லை. பயமா, விளம்பரமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். வெளியிடவில்லை. அதே கடிதத்தில் ஒன்பது பேர் பெயரை வெளியிடச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஒன்பது பேரில் ஒருவர் கோர்ட்டுக்குப் போனால் எதைக் காட்டுவது? 'ஊருக்கே தெரியும்' என்பதையா? ஊர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லாது.

பதினோரு படத்தையும் பார்த்தோம். மண் பாதை, வேப்பமரம், குழி, குழியில் தண்ணீர். அது எந்தச் சாலை என்று ஒன்றிலும் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதால் எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்கள் எல்லாம் கழன்றுவிட்டன. இது சின்ன ஓட்டை. பெரியது வேறு. சாலை இல்லை என்பதற்குத்தான் உங்களிடம் படம் இருக்கிறது. போட்டதாகக் கணக்கு எழுதினார்கள் என்பதற்கு ஒரு தாள்கூட இல்லை. அவர்கள் பணம் எடுத்தது தாளைக் காட்டித்தான். அந்தத் தாள் வேண்டும்.

அதற்குப் பொறியாளர் அலுவலகத்தில் எம்-புக் என்று பெயர். அளவுப் புத்தகம். தளத்துக்குப் போய், எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு அகலம், ஜல்லி எவ்வளவு கனம், தார் எவ்வளவு கனம் என்று அளந்து, தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டிய புத்தகம். மேலதிகாரி சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டால்தான் பில் நகரும். போடாத சாலையை அளந்ததாக எழுதியிருந்தால், எழுதியவர் பெயரும் நாளும் அதிலேயே இருக்கும். நீங்கள் எழுதிய ஒன்பது பேரும் நமக்குத் தேவைப்படாமல் போகலாம். அந்த இரண்டு கையெழுத்து போதும்.

ஆனால் எம்-புக்குக்கு முன்னால் மதிப்பீட்டை, அதாவது எஸ்டிமேட்டைப் பார்க்க வேண்டும். சாலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதில்தான் இருக்கும். இதைப் பார்க்காமல் எழுதி மூக்குடைபட்ட நிருபர்கள் உண்டு. ஊர்க்காரர் காட்டிய குண்டுகுழி ஒன்று, பில் போட்டது நானூறு மீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு தெருவுக்கு. மறுநாள் பளபளக்கும் அந்தத் தெருவில் நின்று அதிகாரி பேட்டி கொடுப்பார். நேர்மாறாகவும் நடக்கும். ஒரே சாலைக்கு ஒரு திட்டத்தில் 'கோயில் தெரு' என்று பெயர், இன்னொரு திட்டத்தில் 'காலனி இணைப்புச் சாலை' என்று பெயர், பில் மட்டும் இரண்டு. தார் வாங்கிய இன்வாய்ஸையும் கேளுங்கள். ஒரே இன்வாய்ஸை இரண்டு வேலைக்குச் சொருகுவது பழைய வித்தை.

எப்படிக் கேட்பது? தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி. பலர் கவிழ்வது மனுவின் முதல் வாக்கியத்தில்தான். 'ஏன் சாலை போடவில்லை?' என்று எழுதுவார்கள். 'ஏன்' என்பது தகவல் அல்ல என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார் பொதுத் தகவல் அலுவலர். கேள்வி கேட்காதீர்கள், நகல் கேளுங்கள்: இன்ன ஊராட்சியில் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை நடந்த எல்லாச் சாலைப் பணிகளுக்கும் மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் பக்கங்கள், இறுதிப் பில், தரச் சோதனை அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். ஆணையத்துக்குப் போனால் காலண்டர் மாறும், பொறுமை வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: அதே சட்டத்தின் 2(ஜெ) பிரிவு, வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. தார்ச்சாலையிலிருந்து ஒரு துண்டு கேட்கலாம் ஐயா, சட்டப்படி.

'இது தனிநபர் தகவல்' என்று தட்டிக்கழிப்பதும் இனி கூடும். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தி, அதிலிருந்த பொதுநலன் விலக்கை எடுத்துவிட்டது. 8(2) அப்படியே இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்கிறது அது. மேல்முறையீட்டில் அந்த எண்ணை எழுதுங்கள்.

இத்தனை மெனக்கெடல் எதற்கு என்பீர்கள். 2018 ஏப்ரலில் 'தி குவின்ட்' நிருபர் பூனம் அகர்வால் செய்ததைப் பாருங்கள். கட்சிகளுக்குப் பெயர் தெரியாமல் நன்கொடை கொடுக்க ஸ்டேட் வங்கி விற்றது தேர்தல் பத்திரம். அதில் வாங்கியவரை அடையாளம் காட்டும் எதுவும் இல்லை என்பது அரசின் வாக்கு. அவர் தன் பெயரிலேயே ஆயிரம் ரூபாய் பத்திரம் இரண்டு வாங்கினார், வெவ்வேறு நாளில். ஒன்றில் மட்டும் ஏதாவது தெரிந்தால் அச்சுப்பிழை என்று சொல்லிவிடலாம். இரண்டு இருந்தால் முடியாது. அதைத் தானே விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு எழுதவில்லை. தடயவியல் கூடத்துக்கு அனுப்பினார். புற ஊதா ஒளியில் ஒவ்வொன்றிலும் ஒரு எண் தெரிந்தது, பத்திரத்துக்குப் பத்திரம் வேறு எண். அது வெறும் பாதுகாப்பு அம்சம், வங்கி அதை எந்தப் பதிவிலும் குறித்துக்கொள்வதில்லை என்றது நிதி அமைச்சகம். அமைச்சகத்தின் அந்த அறிக்கையையும் அப்படியே வெளியிட்டார்கள். அதுவும் ஒரு ஆவணம்தானே.

ஆறு வருடம் கழித்து அந்த ஆவணம் வேலைக்கு வந்தது. 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் திட்டத்தையே ரத்து செய்தது. விவரம் கொடு என்றபோது ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. 22,217 பத்திரம், வாங்கிய கணக்கு தனி, பணமாக்கிய கணக்கு தனி, ஆக 44,434 தொகுப்புகளைப் பொருத்த வேண்டுமாம். நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. மார்ச் 21-ல் எண்ணோடு இரண்டு பட்டியலும் வந்தன. பதிவே செய்வதில்லை என்ற அதே எண். பத்திரிகை அலுவலகங்கள் எக்செல்லில் போட்டுப் பொருத்தி முடிக்க ஒரு ராத்திரி ஆனது. அதிகம் வாங்கியது 1,368 கோடி ரூபாய்க்கு நம் கோயம்புத்தூர் லாட்டரி கம்பெனி ஃபியூச்சர் கேமிங். தி.மு.க. தானே கொடுத்த கணக்கில், தனக்கு வந்த 656.5 கோடியில் 509 கோடி அந்த ஒரு கம்பெனியுடையது. 1981-ல் மகாராஷ்டிர முதல்வர் அந்துலேயை 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' அம்பலப்படுத்தியதும் இதே வேலையால்தான்: அவர் தொடங்கிய அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்தவர் பட்டியல் ஒரு பக்கம், சிமெண்ட் ஒதுக்கீடு பெற்றவர் பட்டியல் ஒரு பக்கம். உங்கள் ஊரில் எம்-புக் ஒரு பக்கம், தெரு ஒரு பக்கம்.

'பயமா' என்ற பாதிக்கு வருகிறேன். பயம் உண்டு, ஆனால் எங்கள் நாற்காலிக்கு அல்ல. சத்தீஸ்கரில் பிஜாப்பூர் நிருபர் முகேஷ் சந்திரகர், சாலைப் பணி ஊழல் செய்திக்குப் பிறகு 2025 ஜனவரி 1-ல் காணாமல் போனார். ஒப்பந்தக்காரருக்குச் சொந்தமான இடத்தில், புதுக் காங்கிரீட் போட்டு மூடிய கழிவுநீர்த் தொட்டியில் 3-ஆம் தேதி உடல் கிடைத்தது. அடி எப்போதும் உள்ளூர்க்காரருக்குத்தான் விழும். உங்களுக்கு அலுவலகத்திலிருந்து எம்-புக் பக்கத்தை ரகசியமாகப் படம் எடுத்துக் கொடுக்கும் எழுத்தர் இருந்தால், அந்தப் படத்தை எங்களுக்கு வாட்ஸ்அப் செய்யாதீர்கள். ஓரத்தில் இருக்கும் பென்சில் குறி, மேஜை விரிப்பு, அன்று புத்தகம் யார் கையில் இருந்தது என்பது போதும், ஆளைப் பிடித்துவிடுவார்கள். அதே பக்கத்தைத் தகவல் உரிமையில் மறுபடி வாங்க வேண்டும். அதிலும் பக்க எண்ணைச் சொல்லிக் கேட்டால் கசிந்தது தெரிந்துவிடும்; மூன்று வருடம், எல்லாச் சாலையும் என்று அகலமாகக் கேட்பது அதனால்தான். மனுதாரர் பெயர் ஒப்பந்தக்காரர் காதுக்குப் போவதும் சகஜம். வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் கொடுக்கலாம் என்று 2013-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எல்லாம் கைக்கு வந்த பிறகும் உடனே போட மாட்டோம். கையெழுத்திட்டவருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் எழுத்தில் கேள்வி போகும், பதிலுக்கு நாள் கொடுப்போம். அவதூறு இன்னும் குற்ற வழக்குதான். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சங்கிதை 356-ன்படி இரண்டு வருடம் வரை சிறை. அதில் உண்மை என்று மட்டும் நிரூபித்தால் போதாது, பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். பொது ஆவணத்தை வைத்து எழுதினால் மட்டும் கால் ஊன்ற இடம் உண்டு, ஆட்டோ சங்கர் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி. தமிழ்நாட்டு அரசு பத்திரிகைகள் மீது வரிசையாகப் போட்ட அவதூறு வழக்குகளில் ஒரு கட்டு 2020 மே மாதம்தான் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. அதுவரை வருடக்கணக்கில் வாய்தா.

விளம்பரம்? அரசு விளம்பரம் நின்றால் பல இதழ்களுக்குச் சம்பளம் நிற்கும் என்பது பொய்யில்லை. உங்கள் செய்தி அதனால் நிற்கவில்லை.

மனுவைத் தபாலில் சேர்ப்பதற்கு முந்தின நாள் ஒரு வேலை செய்யுங்கள். மனு போன மறுவாரமே ராவோடு ராவாகத் தார் கொட்டிவிடுவார்கள், பல ஊரில் நடப்பதுதான். அப்படி நடந்தால் நல்லதே. எம்-புக்கில் அளந்த தேதிக்கும் புதுத் தாருக்கும் நடுவில் இருக்கும் மாதங்கள் அப்போது செய்தியாகும். அதனால் அந்தப் பாதையை முனையிலிருந்து முனைவரை, போனில் இருப்பிடத்தை ஆன் செய்து மறுபடி படம் எடுங்கள். வேப்பமரம் வேண்டாம். மின்கம்பத்தில் பெயிண்டில் எழுதிய எண் தெரியட்டும். அசல் கோப்பைப் போனிலேயே வைத்திருங்கள்.