ஓடிபி எண்ணைப் பார்த்து முடிப்பதற்குள் யாராவது பேசினால் மறந்துபோவது ஏன்?

1968இல் அட்கின்சன், ஷிஃப்ரின் என்ற உளவியலாளர்கள் முன்வைத்த விளக்க மாதிரி (model), நினைவை மூன்று அறைகளாகப் பிரித்தது: புலன் பதிவு (கண்டதும் கேட்டதும் கணநேரம் தங்கும் இடம்), குறுகிய கால நினைவு, நீண்ட கால நினைவு. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகின்றன. உங்கள் கேள்விக்கு இது போதாது.

1974இல் பேட்லி, ஹிட்ச் என்ற வேறு இரு உளவியலாளர்கள் குறுகிய கால நினைவை ஒரே பெட்டியாகப் பார்க்காமல், வேலை செய்யும் இடமாகப் பார்த்தார்கள். அதில் ஒலிக்கு ஒரு பகுதி, காட்சிக்கும் இடத்துக்கும் ஒரு பகுதி, இரண்டையும் நடத்தும் மையக் கட்டுப்பாடு ஒன்று. 2000இல் பேட்லி நான்காவதாக ஓர் இணைப்புப் பகுதியையும் சேர்த்தார்.

ஓடிபி தங்குவது ஒலிப் பகுதியில். கண்ணால் படித்தாலும் மனதுக்குள் சொல்லித்தான் வைத்துக்கொள்கிறோம். அங்கே எத்தனை இலக்கம் என்பதைவிட, சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே முக்கியம். ஏறக்குறைய இரண்டு வினாடியில் சொல்லி முடிக்கக்கூடியதே தாங்கும். பக்கத்தில் ஒருவர் பேசினால், கவனிக்காவிட்டாலும் அந்தப் பேச்சொலி உள்ளே நுழைந்து குழப்பும். நீங்கள் பதில் சொன்னால் இன்னும் மோசம்: மனதுக்குள் சொல்வதே நின்றுவிடும், சில வினாடிகளில் எண் கரைந்துவிடும்.

அதனால் 739 – 482 என்று மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள். "எழுபத்து மூன்று" என்று சேர்த்துச் சொன்னால் அசைகள் கூடி நேரம்தான் வீணாகும். எழுத்துகள் கலந்த குறியீட்டில் பி, டி, வி போல ஒத்தொலிப்பவை எளிதில் மாறிப்போகும். அதை மனதில் வைக்காமல் நகலெடுத்து ஒட்டுவதே நல்லது.