சக்கர் மீன் எதிர்பாராமல் குஞ்சு பொரித்துவிட்டது, எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி கேட்டவர் கப்பி என்ற சின்ன மீன்கள் இருக்கும் தொட்டியில் பாசியைச் சுத்தம் செய்ய இரண்டு சக்கர் மீன் விட்டிருக்கிறார். இப்போது கண்ணாடியெங்கும் பொடிப் பொடியாகக் குஞ்சுகள். கடையில் கேட்டால் "வீட்டுத் தொட்டியில் சக்கர் குஞ்சு பொரிக்க வாய்ப்பே இல்லை" என்கிறார்களாம்.

இந்தப் பதிலை நானும் வாங்கியிருக்கிறேன். செல்போனில் படம் காட்டிய பிறகும், "அது நத்தையா இருக்கும் மேடம்" என்றார் கடைக்காரர். நத்தைக்கு ஏது துடுப்பும் வாலும்? அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்னது பாதி சரி. நம்மூரில் "டேங்க் கிளீனர்" என்று கொடுக்கும் சாதாரண சக்கர் ஒன்றரை அடி வரை வளரக்கூடியது. அது ஆற்றங்கரை, குளக்கரை மண்ணில் வளை தோண்டி முட்டையிடும் சாதி, கண்ணாடித் தொட்டியில் அதற்கு வழியில்லை. உங்கள் தொட்டியில் குஞ்சு பொரித்திருக்கிறது என்றால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் பிரிசில்நோஸ் பிளீகோ என்ற சின்ன வகை சக்கர். அரை அடியைத் தாண்டாது. ஆணுக்கு மூக்கின் மேல் கிளை கிளையாக மீசை போல முளைத்திருக்கும், பெண்ணுக்கு அது இருக்காது, இருந்தாலும் ஓரத்தில் சின்னதாக இருக்கும். சந்தேகமிருந்தால் டார்ச் அடித்துத் தொட்டியில் உள்ள பொந்துகளைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அழகுக்காகப் போட்டிருந்த கொட்டாங்குச்சிக்குள் ஆண் மீன் நாள் கணக்கில் வெளியே வராமல் கிடந்தது. செத்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தால், வயிற்றுக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைக் கொத்து, அதன்மேல் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கிறது. இந்த இனத்தில் முட்டையைக் காப்பது அப்பாதான். முட்டை பொரிய ஏறக்குறைய ஐந்து நாள், பிறகு வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு கரைய இன்னும் சில நாள். அதுவரை சாப்பாடு வேண்டாம். குஞ்சுகள் கண்ணாடிக்கு வந்துவிட்டன என்றால் கரு தீர்ந்து பசி ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் குஞ்சுகளைக் கொல்கிறார்கள். பாசி தின்னும் மீன்தானே, கண்ணாடியில் இருப்பதைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது. ஒரு வீட்டுத் தொட்டியில் இருக்கும் பாசி இத்தனை வாய்க்கு இரண்டு நாள்கூடத் தாங்காது. ஏதோ நோய் வந்து செத்தது என்று பலர் எழுதுவதைப் படித்திருக்கிறேன், அதில் நிறைய வெறும் பட்டினி. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வெளியிலிருந்து வயிற்றைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் சரி. உள்ளே ஒட்டிப்போயிருந்தால் அன்றைக்கே தீனி போட வேண்டும்.

என்ன போடுவது? வெள்ளரிக்காய், சுரைக்காய், பீர்க்கங்காய் எல்லாம் போடலாம். வில்லையாக நறுக்கி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, ஆறியதும் எவர்சில்வர் ஸ்பூனில் ரப்பர் பேண்டால் கட்டி இறக்கினால் மிதக்காது. ராத்திரி போட்டால் காலையில் பீர்க்கங்காயின் சதை முழுக்கப் போய், வளையம் மாதிரி தோலும் கொஞ்சம் நாரும் மட்டும் மிஞ்சும். "பீர்க்கங்காய் விக்கிற விலைக்கு மீனுக்கா?" என்று என் மாமியார் கேட்டார், அது வேறு கதை. காயை நன்றாகக் கழுவுங்கள், மருந்தடித்த தோல் ஆபத்து. மீதியை மறுநாள் கட்டாயம் எடுத்துவிடுங்கள், அழுகினால் தண்ணீரில் மீனுக்கு நஞ்சான அம்மோனியா ஏறும். கடையில் கிடைக்கும் ஆல்கே வேஃபர் என்ற பாசித் தீனி வில்லையையும் உடைத்துப் போடலாம். தொட்டிக்கென்று விற்கும் மரக்கட்டை (டிரிஃப்ட்வுட்) ஒரு துண்டு இருந்தால் நல்லது, அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். கப்பி மட்டும்தான் என்றால் வேண்டாம் என்பது என் கருத்து. புதுத் தொட்டியில் கழிவை உடைக்கும் பாக்டீரியா இருக்காது, சுரண்டித் தின்னப் படலமும் இருக்காது. ஏஞ்சல் போன்ற பெரிய மீன் இருந்தால் மட்டும் பிரியுங்கள். ஃபில்டர் தண்ணீர் இழுக்கும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள், இல்லையென்றால் குஞ்சுகள் உள்ளே போய்விடும். ஏர் பம்ப் ராத்திரியும் ஓடட்டும். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். சென்னை மே மாதத்தைச் சொல்லவே வேண்டாம்.

"பி.எச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 6.5 இல்லாமல் பிளீகோ வளராது" என்று பின்னூட்டத்தில் வந்து சண்டை போட நினைப்பவர்களுக்கு: எங்கள் வீட்டில் வருவது பக்கெட்டில் வெள்ளையாக உப்புப் படியும் போர் தண்ணீர். அதில்தான் முட்டை வைத்தது, அதில்தான் குஞ்சுகள் வளர்ந்தன. நான் மீன்வளம் படித்தவள் இல்லை, என் தொட்டியில் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்குச் சேதம் வந்தது குளோரினால். அபார்ட்மென்ட் அசோசியேஷன் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டியது, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று தண்ணீர் மாற்றியதில் கணிசமான குஞ்சுகள் போய்விட்டன. வாட்ஸ்அப் குரூப் என்று ஒன்று இருக்கிறது, அதில் விடிந்தால் ரோஜாப்பூவோடு குட் மார்னிங் வரும், யார் கார் யார் கோட்டைத் தாண்டி நிற்கிறது என்று பஞ்சாயத்து நடக்கும், தண்ணீரில் மருந்து போடுகிறோம் என்று மட்டும் வராது. கேட்டதற்கு, "மீனுக்காகவா மெயின்டனன்ஸ் கட்டுறீங்க?" என்றார் செயலாளர். லிஃப்ட் பழுதாகி மாசக்கணக்கில் நிற்கிறதே, அதற்கு யார் கட்டுவது சார்? சரி, விடுங்கள். நீங்கள் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும்.

ஒரு அங்குலம் தாண்டியதும் கடையில் கொடுக்கலாம், காசுக்குப் பதில் தீனி தருவார்கள். தெரிந்தவர்களுக்குச் சும்மா கொடுப்பதாக இருந்தால் தொட்டியைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மிஞ்சியதை ஏரியில் மட்டும் விடாதீர்கள். "பாவம், பிழைச்சுப் போகட்டும்" என்று சாதாரண சக்கரை ஆளாளுக்கு விட்டதன் பலனைக் கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களில் மீன் வளர்ப்பவர்கள் அனுபவிக்கிறார்கள், அதன் முள்ளில் வலையே கிழிகிறது.

தொட்டி எத்தனை லிட்டர் என்று நீங்கள் எழுதவில்லை. அதையும், ஃபில்டர் எந்த வகை என்பதையும் பின்னூட்டத்தில் போடுங்கள். ஆண் மீனை அதன் பொந்திலிருந்து வெளியே துரத்தாதீர்கள், சில வாரத்தில் அடுத்த கொத்து வர வாய்ப்பிருக்கிறது.