‘மொல்லயோ’ என்றதும் பேராசிரியர் முகம் ஏன் சுருங்கியது?

தென் கொரியாவின் டேஜியோன் நகரில் ஆய்வு மாணவராக இருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “வேதிப்பொருள் எப்போது வந்து சேரும் என்று பேராசிரியர் கேட்டார். ‘மொல்லயோ’ என்றேன். முகம் சுருங்கிவிட்டது. புத்தகத்தில் ‘தெரியாது’ என்றுதானே போட்டிருக்கிறது? தெரியாது, சந்தேகம், இருக்கலாம் இதையெல்லாம் கொரிய மொழியில் எப்படிச் சொல்வது?”

இலக்கணப்படி நீங்கள் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் ஊரில் உங்கள் பேராசிரியர் இதையே கேட்டிருந்தால், வெறுமனே ‘தெரியாது’ என்றா சொல்லியிருப்பீர்கள்? ‘தெரியவில்லை சார், கேட்டுச் சொல்கிறேன்’ என்றுதானே வாயில் வரும்? அங்கேயும் அதே கதைதான். ‘மொல்லயோ’வின் மூல வினையான ‘மொருதா’வோடு ‘கெஸ்’ சேர்ந்து வரும் ‘மொருகெஸ்ஸொயோ’, நம் ‘தெரியவில்லை’ போல. யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை என்ற தொனி அதில் உண்டு. பேராசிரியரிடம் இன்னும் ஒரு படி மரியாதை கூட்டி இப்படிச் சொல்லுங்கள்: “ஒன்ஜே ஓல்ஜி ஜல் மொருகெஸ்ஸும்னிதா. ஹ்வாகின்ஹே பொகெஸ்ஸும்னிதா.” எப்போது வரும் என்று சரியாகத் தெரியவில்லை, விசாரித்துப் பார்க்கிறேன். இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், பாதி மரியாதை அதில்தான் இருக்கிறது. (‘மொரு’வின் கடைசி உகரத்தை இதழ் குவிக்காமல் சொல்ல வேண்டும். ‘பாட்டு’ என்பதன் கடைசியில் வரும் குற்றியலுகரம்தான், நமக்குச் சிரமமே இல்லை.)

அதற்காக ‘மொல்லயோ’வை ஒதுக்கிவிட வேண்டாம். ஓர் ஆளைக் காட்டி ‘இவரைத் தெரியுமா’ என்று கேட்டால் ‘மொல்லயோ’தான் இயல்பு. நாமும் அங்கே ‘அவரைத் தெரியாது’ என்போமே தவிர ‘தெரியவில்லை’ என்பதில்லை.

தமிழர்கள் தடுக்கி விழும் இடங்கள் வேறு. முதலாவது ‘எனக்கு’. நாம் ‘எனக்கு வழி தெரியாது’ என்கிறோம், அந்தக் ‘கு’வை அப்படியே கொண்டுபோகக் கூடாது. கொரியர் சொல்வது ‘ஜொனுன் கிருல் மொல்லயோ’, அதாவது ‘நான் வழியை அறியேன்’ என்ற அமைப்பு. ‘அவரைத் தெரியாது’ என்பதில் வருகிற ஐ-யை மனிதர், வழி, விலை என்று எல்லாவற்றுக்கும் போட்டுவிடுங்கள். அப்புறம், ‘தெரியும்’ என்பதோடு ‘அன்’ சேர்த்து ‘அன் அராயோ’ என்று எதிர்மறை செய்யக் கூடாது. தெரியாமைக்கென்றே தனி வினை இருக்கும்போது அது காதுக்கு விநோதமாக இருக்கும்.

இன்னொன்று ‘என்று’. ‘எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை’ என்பதை அப்படியே கொரியத்துக்குக் கொண்டுபோகப் பார்த்து, ‘என்று’ வேலை செய்யும் ‘கோ’வை மாட்டிவிடுகிறோம். அது இங்கே பொருந்தாது, ‘ஜி’தான் வர வேண்டும்: ‘ஒதியே இன்னுன்ஜி மொருகெஸ்ஸொயோ’. போகிறாரோ என்றால் ‘கனுன்ஜி’, போனாரோ என்றால் ‘கன்னுன்ஜி’, போவாரோ என்றால் ‘கல்ஜி’. ஆம், நம் ஓகாரம் செய்கிற வேலையைத்தான் இந்த ‘ஜி’ செய்கிறது. ‘ஓல்ஜி அன் ஓல்ஜி மொருகெஸ்ஸொயோ’ என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்துப் பாருங்கள்: வருவாரோ மாட்டாரோ தெரியவில்லை.

இதே ‘ஜி’யோடு ‘தோ’ சேர்ந்தால் பொருள் நகர்ந்துவிடும். ‘தோ’ என்பது நம் உம்மை. ‘பிகா ஓல்ஜிதோ மொல்லயோ’ என்றால் மழை வந்தாலும் வரலாம். இங்கே ‘மொல்லயோ’ இருந்தாலும் யாரும் அறியாமையை ஒப்புக்கொள்ளவில்லை, முகமும் சுருங்காது.

‘ஜுல்’ போட்டால் செய்யும் வகை தெரியாதது: ‘சுயொங்ஹல் ஜுல் மொல்லயோ’, எனக்கு நீந்தத் தெரியாது. அதையே இறந்தகாலத்தில் ‘ஓல் ஜுல் மொல்லஸ்ஸொயோ’ என்றால், பெரும்பாலும் வருவார் என்று எதிர்பார்க்கவில்லை என்று பொருள்.

கடைசியாக, ‘போல’. இதற்கு இரண்டு வழி. ஆய்வகத்துக்குள் வருகிறவர் கையில் குடை சொட்டுகிறது. நீங்கள் வெளியே பார்க்கவில்லை. அப்போது ‘பிகா ஒனா ப்வாயோ’: மழை பெய்கிறது போல. கண்ணில் பட்ட தடயத்தை வைத்து ஊகிப்பதற்கு இது. ஆகவே நீங்களே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நூடுல்ஸைப் பற்றி ‘மஸின்னா ப்வாயோ’ (ருசியாக இருக்கிறது போல) என்றால் சிரிப்பார்கள். அடுத்தவர் ரசித்துச் சாப்பிடுவதைப் பார்த்துச் சொல்வது அது. உங்கள் தட்டுக்கு ‘மஸின்னுன் கொத் கத்தாயோ’ சரி.

இந்தக் ‘கொத் கத்தாயோ’ எல்லா இடத்திலும் செல்லும். தன் கருத்தை மென்மையாக்கவும் அதைத்தான் போடுகிறார்கள். தன் சந்தோஷத்துக்குக்கூட ‘போல’ போடுகிறார்களே என்று கொரியாவிலேயே சலித்துக்கொள்பவர்கள் உண்டு. தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் பேராசிரியரிடம் நீங்களே அளந்து எடுத்த எண்ணைச் சொல்லும்போது மட்டும் வேண்டாம். ‘அளந்தாயா இல்லையா’ என்று அடுத்த கேள்வி வரும்.